முதல் ரோமானியக் காசு: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

ரோமானியக் காசு என்றாலே அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது, நமக்கு எட்டாதது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். தங்கக் காசைப் பொறுத்தவரை அந்த நினைப்பு சரிதான். மற்றபடி அந்தப் பேரரசு நூற்றாண்டுக் கணக்கில், பல நகரங்களில், ஓயாமல் காசு அடித்துக்கொண்டே இருந்தது. போருக்கும் கொள்ளைக்கும் பயந்து பானையில் போட்டுப் புதைத்தவர்களில் பலர் திரும்பி வந்து தோண்டி எடுக்கவில்லை. 2010இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், ஃப்ரோம் ஊருக்கு அருகே ஒரே பானையில் கிடைத்தவை மட்டும் 52,503 காசுகள். இப்படிப் புதையல்கள் வந்துகொண்டே இருப்பதால், கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் முகம் பதித்த நான்காம் நூற்றாண்டுச் செப்புக் காசு ஒன்று ஐரோப்பிய வியாபாரிகளிடம் பத்து இருபது யூரோவுக்கே கிடைக்கும்.

எளிதாகக் கிடைப்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. ஆசையில் வாங்கத் தொடங்கினால் சில மாதங்களில் ஒரு டப்பா நிறைந்துவிடும். எது யாருடையது, எந்த ஊரில் அடித்தது, யார் கையிலிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. ஆகவே இங்கே நான் சொல்லும் வரிசையில் படிப்பது முதலில் வரும், வாங்குவது அதற்குப் பிறகுதான் வரும்.

முதலில் தலையைப் பாருங்கள்

எல்லாக் காசுகளின் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் பேரரசன் அகஸ்டஸ் காலத்துக் கணக்கு தெரிந்தால் போதும்: ஒரு தங்க ஆரியஸுக்கு 25 வெள்ளி டெனாரியஸ், ஒரு டெனாரியஸுக்கு 4 பித்தளை செஸ்டர்ஷியஸ், ஒரு செஸ்டர்ஷியஸுக்கு 4 செப்பு ஆஸ். பிறகு நடந்ததெல்லாம் இந்தக் கணக்கு சிறுகச் சிறுகக் கெட்டுப்போன கதை. கி.பி. 64இல் நீரோ டெனாரியஸின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். 215இல் கரகல்லா ‘அன்டோனினியானஸ்’ என்று இன்று நாம் அழைக்கும் பெரிய வெள்ளிக் காசைக் கொண்டுவந்தான். கல்லியானஸ் ஆண்ட 260களில் அதே காசு வெள்ளி முலாம் பூசிய செம்பாகிவிட்டது. 294 வாக்கில் டயோக்ளீஷியன் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுப் புதிதாகத் தொடங்கினான். அதன்பின் கான்ஸ்டன்டைன் அடித்த சோலிடஸ் என்ற தங்கக் காசு, சுமார் நாலரை கிராம் எடையில், பல நூற்றாண்டுகள் நிலைத்தது.

இந்தக் கதையில் நம் காசு எங்கே நிற்கிறது என்று அறிய ஒரு குறுக்குவழி உண்டு. காசில் உள்ள அரசன் தலையில் என்ன அணிந்திருக்கிறான் என்று பாருங்கள். வெள்ளிக் காசில் இலைமாலை சூடிய தலை என்றால் பெரும்பாலும் டெனாரியஸ், முதல் மூன்று நூற்றாண்டுக்குள். சூரியக் கதிர் போலக் கூர்முனைகள் கொண்ட முடி என்றால் அன்டோனினியானஸ்; பித்தளையிலும் கதிர்முடி வரும், அது இரண்டு ஆஸ் மதிப்புள்ள டுபோண்டியஸ். முத்து கோத்த பட்டம் கட்டியிருந்தால் கான்ஸ்டன்டைனின் பிற்காலம் அல்லது அதற்குப் பின். எழுத்தே தெரியாத அளவு தேய்ந்த காசைக்கூட இதை வைத்து ஏறக்குறைய ஒரு காலகட்டத்துக்குள் நிறுத்திவிடலாம்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை கான்ஸ்டன்டைன் குடும்பத்துச் செப்புக் காசுகள். விலை குறைவு, எழுத்து பெரும்பாலும் முழுதாக இருக்கும், அடித்த ஊரின் பெயர் காசிலேயே இருக்கும். 330இல் தொடங்கி வந்த, ஓநாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் காசு எல்லோருக்கும் பிடிக்கும். அடுத்த கட்டத்தில் வெள்ளி வேண்டுமென்றால் செப்டிமியஸ் செவெரஸ், அவன் மனைவி ஜூலியா டொம்னா காலத்து டெனாரியஸ் நல்ல நிலையிலேயே கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கும். டைபீரியஸின் டெனாரியஸை முதலிலேயே தேடிப் போக வேண்டாம். இயேசுவிடம் காட்டப்பட்ட வரிக்காசு இதுவே என்று நம்பி வாங்குபவர்கள் உலகெங்கும் இருப்பதால், அரிய காசாக இல்லாமலே விலை ஏறிக் கிடக்கிறது.

மண் ஒட்டிய காசுகளைக் கிலோக் கணக்கில் ‘நீங்களே சுத்தம் செய்து கண்டுபிடியுங்கள்’ என்று விற்பார்கள். என் கருத்தில் அது வீண் செலவு. தேறுவதையெல்லாம் யாரோ ஏற்கெனவே பொறுக்கிய பிறகுதான் அந்த மூட்டை உங்களிடம் வருகிறது.

ஒரு காசை முழுதாகப் படிப்பது எப்படி

கையில் ஒரு சிறிய செப்புக் காசு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதினேழு பதினெட்டு மில்லிமீட்டர் அகலம். முன்பக்கம் வலப்பக்கம் பார்க்கும் இளைஞன் தலை. பின்பக்கம் ஈட்டி பிடித்த இரண்டு வீரர்கள், நடுவே இரண்டு படைக்கொடிக் கம்பங்கள். எழுத்து லத்தீன் பெரிய எழுத்து; நடுவில் இடைவெளியே இருக்காது, ‘யு’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கும். கடிகாரத்தில் ஏழு எட்டு மணி இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி வலமாகப் படித்துக்கொண்டே போக வேண்டும்.

முன்பக்கத்தில் கான்ஸ்டான்டினஸ் என்று முழுப் பெயர் வருகிறது. இதோடு நின்றுவிட்டால் தவறாகப் போகும். இந்தப் பெயரில் அப்பாவும் உண்டு, பிள்ளையும் உண்டு. பெயருக்குப் பின்னால் ஐ-வி-என் என்று மூன்று எழுத்து, அதாவது யூனியர், இளையவன். பிறகு என்-ஓ-பி, கடைசியில் ஒரு சி: நோபிலிசிமஸ் சீசர், அதாவது இளவரசுப் பட்டம். ஆக இது இரண்டாம் கான்ஸ்டன்டைன், அவன் தந்தை உயிரோடு ஆண்டுகொண்டிருந்தபோது அடித்தது. அவன் சீசராக இருந்தது 317 முதல் 337 வரை.

பின்பக்கத்தில் ‘குளோரியா எக்சர்சிட்டஸ்’, படையின் புகழ் என்று பொருள். இப்போது கம்பங்களை எண்ணுங்கள். இரண்டு கம்பம் என்றால் 330 முதல் 335 வரை. அதன் பிறகு காசின் எடையைக் குறைத்தபோது கம்பத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இரண்டு கம்பக் காசு சுமார் இரண்டரை கிராம், ஒற்றைக் கம்பக் காசு ஒன்றரை கிராம் அளவில் நிற்கும். அரசாங்கம் செம்பை மிச்சம் பிடித்ததைப் படத்திலேயே எண்ணிப் பார்த்துவிடலாம். இந்தக் காசுவகை எனக்கு மிகவும் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

கடைசியாக வீரர்களின் காலுக்குக் கீழே உள்ள கோடு. அதற்கும் கீழே எஸ்-எம்-டி-எஸ், அதையடுத்துக் கிரேக்க எழுத்தான காமா. எஸ்-எம் என்பது ‘சாக்ரா மொனேட்டா’, அரசரின் அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் இடம். டி-எஸ் என்பது தெசலோனிக்கா. காமா கிரேக்க நெடுங்கணக்கில் மூன்றாவது எழுத்து. அக்கசாலையின் மூன்றாவது பட்டறை. ஆக இந்தக் காசு 330க்கும் 335க்கும் இடையில் இன்றைய கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரில், மூன்றாம் பட்டறையில் அடித்தது. ஆயிரத்து அறுநூறு ஆண்டு தாண்டிய ஒரு பொருளின் பிறந்த ஊரையும் கட்டடத்தையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிற பொழுதுபோக்கு வேறு அதிகமில்லை.

முந்தைய நூற்றாண்டுக் காசுகளில் ஊர்ப்பெயர் இருக்காது, பட்டங்கள்தான் வரிசையாக வரும். அவற்றில் ட்ரிபியூன் அதிகாரத்தைக் குறிக்கும் டி-ஆர்-பி என்பது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். அதற்குப் பக்கத்தில் எண் இருந்தால் அடித்த ஆண்டே தெரிந்துவிடும். ரோமின் உயர்பதவியான கான்சலைக் குறிக்கும் சி-ஓ-எஸ் அவ்வளவு நுட்பமில்லை என்றாலும் உதவும். டிராஜன் காசில் ஐந்தாம் முறை கான்சல் என்றிருந்தால் 103 முதல் 111க்குள், ஆறாம் முறை என்றால் 112 அல்லது அதற்குப் பின்.

படித்த பிறகு வகை எண், அதாவது பட்டியலில் அந்தக் காசு வகைக்குத் தந்திருக்கும் எண். பேரரசுக் காலக் காசுகளுக்கு ‘ரோமன் இம்பீரியல் காயினேஜ்’ என்ற பத்துத் தொகுதிப் பட்டியல்தான் அடிப்படை. சேகரிப்பாளர்கள் சுருக்கமாக ஆர்ஐசி என்பார்கள். தொகுதிகளை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அமெரிக்க நாணயவியல் கழகமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ‘ஓக்ரே’ என்ற இலவசத் தரவுத்தளத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அரசன் பெயர், அக்கசாலை, பின்பக்க எழுத்து மூன்றையும் கொடுத்துத் தேடினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வகைகளில் வந்து நிற்கும். தேய்ந்த எழுத்து இருந்தால் தெரிந்த எழுத்துகளை மட்டும் போட்டுத் தேடுங்கள். தெரியாததை ஊகித்து நிரப்பத் தொடங்கினால் காசு நீங்கள் விரும்பியபடியெல்லாம் பேச ஆரம்பித்துவிடும்.

தராசு, அளவுகோல், நோட்டு

வாங்க வேண்டிய கருவிகள் மூன்றுதான். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு, வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். நகைக்கடைத் தெருவில் மூன்றும் கிடைக்கும்.

எடை போடுவது சம்பிரதாயத்துக்காக அல்ல. இலங்கை மன்னன் ஒருவன் டெனாரியஸ்களைப் பார்த்து, வெவ்வேறு அரசர்களின் முகம் இருந்தும் எல்லாம் ஒரே எடையாக இருக்கிறதே என்று ரோமானியரின் நேர்மையை வியந்தான் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒழுங்குதான் இன்று போலியைப் பிடிக்க நமக்கு உதவுகிறது. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து டெனாரியஸ் நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். மூன்று கிராமுக்குக் கீழே போனால் ஏன் என்று கேட்க வேண்டும். செப்புக் காசில் மட்டும் இந்தக் கண்டிப்பு வேண்டாம், அடித்தபோதே ஏற்றத்தாழ்வு உண்டு.

அச்சின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி பிடித்து, காசைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கத்துத் தலைப்பகுதி எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் கடிகார மணியில் எழுதுவார்கள்: 12 மணி, 6 மணி என்று. நோட்டில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம்: எண், எடை, அகலம், திசை, இருபக்க எழுத்து, வகை எண், யாரிடம் எப்போது என்ன விலைக்கு வாங்கியது, அதற்கு முன் யாரிடம் இருந்தது.

வாங்கும்போது

கடைசியாகச் சொன்ன அந்த ‘அதற்கு முன் யாரிடம்’ என்ற கேள்வியை விற்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பழைய ஏல விவரம், முந்தைய சேகரிப்பாளரின் சீட்டு, ரசீது, எதுவாக இருந்தாலும் காசோடு சேர்த்து வாங்குங்கள். ஜூலியஸ் சீசரைக் கொன்றதை நினைவுகூர்ந்து புரூட்டஸ் அடித்த தங்கக் காசு ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் நாற்பது லட்சம் டாலருக்கும் மேல் போனது. அதன் பூர்வீகம் பற்றிச் சொன்னதெல்லாம் பொய் என்று பின்னர் தெரிந்து, 2023இல் அந்தக் காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. இருபது யூரோக் காசுக்காக யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. இருந்தாலும், தொல்லியல் இடங்களைத் திருட்டுத்தனமாகத் தோண்டுபவர்களுக்குச் சந்தை கொடுப்பது இப்படிக் கேள்வி கேட்காமல் வாங்குபவர்கள்தான்.

போலியைப் பொறுத்தவரை, முதல் ஓராண்டுக்குப் பெயரும் முகவரியும் உள்ள, போலி என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் வியாபாரியிடம் மட்டும் வாங்குவது நல்லது. வார்ப்பில் செய்த போலியை லென்ஸில் கண்டுபிடிக்கலாம்: சோப்புக் கட்டி தேய்ந்தது போல எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனை அளவு குமிழிகள் இருக்கும், விளிம்பில் இரண்டு அச்சு சேர்ந்த கோட்டை அரம் போட்டு மறைத்திருப்பார்கள். அச்சு வெட்டி அடித்த போலி கடினம். பதினாறாம் நூற்றாண்டில் பதுவா நகரத்துக் கவீனோவும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் பெக்கரும் வெட்டிய அச்சுகள் அவ்வளவு நேர்த்தி. அவர்கள் செய்த போலிகளையே இன்று தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே விரிசல், ஒரே தேய்மானம், படம் நடுவிலிருந்து ஒரே அளவு விலகல் கொண்ட இரண்டு காசுகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் விற்பனைக்கு வந்தால் இரண்டையும் தொடாதீர்கள். அச்சு ஒன்றாக இருக்கலாம், அடிபட்ட வடு ஒன்றாக இருக்க முடியாது.

வெள்ளித் தோலுக்கடியில் செம்பு தெரியும் டெனாரியஸ் வந்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். அந்தக் காலத்திலேயே முலாம் பூசிக் கள்ளக் காசு அடித்தவர்கள் இருந்தார்கள். அதுவும் பழங்காசுதான்; விலைதான் வேறு.

ஏலத்தில் எடுத்தால் கேட்ட விலையோடு ஏலக்கூடத்துக் கமிஷன் சேரும், இருபது விழுக்காடு அளவு சாதாரணம். அதற்கு மேல் அஞ்சல், வரி. மனதில் ஒரு விலையை வைத்துக்கொண்டு அதிலிருந்து கீழ்நோக்கிக் கணக்குப் போடுங்கள்.

நம் ஊரில் கிடைக்கும் ரோமானியக் காசு

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி கட்டாயம். கோவைக்கு அருகே வெள்ளலூரில் அகஸ்டஸ், டைபீரியஸ் டெனாரியஸ்கள் குவியலாகக் கிடைத்தன. 1898இல் புதுக்கோட்டையில் 501 தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு. ஏன் வெட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைத் ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி தொகுத்து ஆராய்ந்தார். இலங்கையிலும் அதே காலத்துச் சிறிய செப்புக் காசுகளும், அவற்றைப் பார்த்து உள்ளூரில் செய்த நகல்களும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

இதையெல்லாம் கேட்டதும் ஆற்றுப் படுகைக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவாக இருந்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ‘சார், ஆத்துல எடுத்தது, ஒரிஜினல்’ என்று காட்டுபவரிடம் வாங்கினால் இரண்டே வாய்ப்புதான்: அவர் சொல்வது உண்மையானால் சட்டச் சிக்கல், பொய்யானால் போலி.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதை விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். தனியாள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அயல்நாட்டு நண்பரோடு அஞ்சலில் காசு மாற்றிக்கொள்வது, ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது இங்கே வாங்கியதைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போவது, இரண்டும் இதில் அடங்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் பணம் கட்டும் முன்பே சுங்கத் துறையிடம் விதிமுறையைக் கேட்டுவிடுங்கள்.

காசு வாங்காமலே கண்ணைப் பழக்க எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் போதும். அசல் காசின் விளிம்பும் பரப்பும் எப்படி இருக்கும் என்பது நிறையப் பார்த்தால்தான் பிடிபடும்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

செம்பைப் பார்த்தால் புளியை எடுக்கும் கை நம்முடையது. குத்துவிளக்குக்கு நல்லது, காசுக்கு எமன். எலுமிச்சை, வினிகர், பித்தளை பாலிஷ் எல்லாம் அதே கணக்கு. நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சை, பழுப்புப் படலத்தில்தான் எழுத்தின் கடைசி விவரம் நிற்கிறது. அதை உரித்தால் எழுத்தும் சேர்ந்து போகும், விலையும் பாதியாகும். மண் மட்டும் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷாலும் பல்குத்தும் குச்சியாலும் மெதுவாக எடுக்கலாம். சந்தேகமாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கவலைப்பட வேண்டியது வெளிர்பச்சைப் பொடியைக் கண்டால்தான். கெட்டியான கரும்பச்சைக் களிம்பு பாதகமில்லை. குச்சியால் தொட்டதும் மாவாக உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் அது குளோரைடு அரிப்பு. சேகரிப்பாளர்கள் வெண்கல நோய் என்பார்கள். ஈரப்பதம் இருக்கும்வரை காசைத் தின்றுகொண்டே இருக்கும். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் காற்றில் இன்னும் வேகமாக. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, பொடியைச் சுரண்டி, சோடியம் செஸ்க்விகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றிக்கொண்டே இருப்பது வழக்கமான வைத்தியம். பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பொட்டலம் ஈரத்தை உறிஞ்சி முடித்ததும் மாற்ற வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

மெத்தென்று வளையும் பிவிசி உறைகள் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுப்பான பச்சைக் கசிவு வரும். மைலார் உறை அல்லது அமிலமற்ற காகித உறை நல்லது.

மற்றவர்களுக்குக் காட்டுவது

படம் எடுக்க நல்ல கைபேசி போதும். சன்னல் ஓரம், நேர் வெயில் இல்லாத வெளிச்சம், கீழே வெள்ளைத் தாள். வெளிச்சம் மேல்பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும். அப்போதுதான் எழுத்து எழும்பித் தெரியும். கைபேசியைப் புத்தக அடுக்கின் மேல் வைத்துவிட்டு நேர்மேலிருந்து எடுங்கள், கையில் பிடித்தால் ஆடும். இருபக்கத்தையும் ஒரே அளவில் பக்கம் பக்கமாக வைத்து, எடையும் அகலமும் சேர்த்துப் போடுங்கள். இவ்விரண்டும் இல்லாமல் ‘இது என்ன காசு?’ என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்வதற்குள் உங்களிடம் நாலு கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

நீங்களே படித்தது எதுவரை, ஊகம் எது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். ‘முன்பக்கம் இளைய கான்ஸ்டன்டைன் என்று படிக்கிறேன், அடிக்கோட்டில் கடைசி எழுத்து தெரியவில்லை’ என்று எழுதினால் பதிலும் அதே அளவு துல்லியமாக வரும். விலையைக் கேட்டுத் தொடங்காதீர்கள்; பல சேகரிப்பாளர்களுக்கு அது பிடிப்பதில்லை.

பள்ளியிலோ நூலகத்திலோ காட்டுவதாக இருந்தால், விலை குறைந்த இரண்டு மூன்று செப்புக் காசுகளை உறையிலிருந்து எடுத்துப் பிள்ளைகள் கையிலேயே கொடுங்கள். விளிம்பில் பிடிக்கச் சொல்லுங்கள், மேசைமேல் துண்டு ஒன்றை விரித்து வையுங்கள், விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. ஓநாய்க் காசையும் இரண்டு கம்பக் காசையும் கொடுத்து ‘என்ன தெரிகிறது?’ என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருந்தாலே போதும், வகுப்பு நடந்துவிடும்.

யாராவது உங்கள் அடையாளத்தைத் திருத்தினால் நோட்டில் பழையதை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதையும் தேதியையும் எழுதுங்கள். உறைக்குள் இருக்கும் பழைய சீட்டுகளுக்கும் இதே விதி. முந்தையவர் கையெழுத்தில் தவறான அரசன் பெயரே இருந்தாலும் அந்தச் சீட்டை எறிந்துவிடாமல், உங்கள் சீட்டை அதற்கு முன்னால் வையுங்கள். அந்தக் காசு யார் யார் கையில் இருந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம்.